பன்னிரண்டாவது நாற்காலி

இந்த வருடம் பெரிய வியாழனுக்கு எங்கள் கோயிலில் நாற்காலி போடவில்லை. பாதம் கழுவும் சடங்குக்கு வளைவாக இரண்டு பெஞ்சு போட்டால் போதும் என்று புதிதாக வந்திருக்கும் சாமியார் சொல்லிவிட்டார். பெஞ்சுகளைப் பார்த்ததும் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களே, ஏன் என்று படிப்பு வட்டத்துப் பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்டார்கள். இருபத்திரண்டு வருடம் அந்த நாற்காலிகளைப் போட்டவன் நான். வாயால் சொல்ல எனக்கு வராது என்றேன். அப்படியானால் எழுதுங்கள் என்று ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். பிழை இருந்தால் அவர்களே திருத்திக்கொள்ளட்டும்.

என் வேலைக்குக் கோயில்பிள்ளை என்று பெயர். மணி அடிப்பது, பீடத்துத் துணி மாற்றுவது, பூசைக்கு அப்பமும் திராட்சை ரசமும் எடுத்து வைப்பது, சாவுக்குப் பெட்டி கொண்டுபோவது எல்லாம் அதில் அடங்கும். தாராவிக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. தோல் பட்டறையில் பத்து வருடம் பை வெட்டிக்கொண்டிருந்தேன். பழைய கோயில்பிள்ளை காய்ச்சலில் படுத்துவிட, ஒரு வாரம் மணி அடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். அந்த ஒரு வாரம்தான் முழங்கால் போகும்வரை நீண்டுவிட்டது. தனியாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் இல்லை. தப்புச் செய்து, சாமியார் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நான் அதிக காலம் வேலை பார்த்தது இன்னாசி சாமியாரிடம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவர் திட்டி யாரும் கேட்டதில்லை. ஏதாவது தவறினால் அப்படியே நின்றுவிடுவார். ஒருமுறை ரசக் குப்பியோடு தண்ணீர்க் குப்பியை வைக்க மறந்துவிட்டேன். பாத்திரத்தை நீட்டியபடி நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை, தொண்டையைச் செருமவில்லை. கோயில் நிறைய சனம் காத்திருந்தது. நான் உள்ளே ஓடித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றும்வரை அந்தக் கை நீட்டியபடியே இருந்தது. பூசை முடிந்தபின் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு நான் எந்தக் குப்பியையும் மறந்ததில்லை.

இனி பெரிய வியாழன், ஈஸ்டருக்கு மூன்று நாள் முந்தியது. ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, அன்று சாயங்காலப் பூசையில் சாமியார் பன்னிரண்டு ஆண்களின் காலைக் கழுவுவார். எங்கள் கோயில் பங்கைப் பன்னிரண்டு கல்லிகளாக, அதாவது சந்துகளாக, பிரித்திருந்தோம். கல்லிக்கு ஒருவரை அந்தந்தச் சந்துக்காரர்களே தேர்ந்தெடுப்பார்கள். அதற்கு முந்தைய குருத்து ஞாயிறு அன்று பெயர்ப் பட்டியலைக் கதவருகே ஆணியடித்துத் தொங்கவிடுவோம். நாற்காலி போடுவதும், யார் எதில் உட்காருவது என்று சொல்வதும் என் வேலை. தண்ணீரை ஸ்டவ்வில் வைத்து முழங்கையைத் தொட்டுச் சூடு பார்ப்பேன். பச்சைத் தண்ணீர் பட்டால் வயதானவர்கள் காலை உதறிவிடுவார்கள். வலது கால் மட்டும்தான் கழுவுவது. ஆனாலும் எல்லாரும் வீட்டிலேயே இரண்டு காலையும் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வருவார்கள். ஒருமுறை ஒருவர் பவுடர் பூசிக்கொண்டு வந்ததில் தாம்பாளத் தண்ணீர் பாலாகிவிட்டது.

இன்னாசி சாமியார் வந்த இரண்டாம் வருடம், ஒரு கல்லியிலிருந்து சவரிமுத்து என்பவர் பெயர் வந்தது. தோல் பதனிடும் இடத்தில் தொட்டிக்குள் இறங்கி மிதிக்கும் வேலை அவருக்கு. கணுக்கால் வரை பட்டைச் சாயம் ஏறியிருக்கும், எதைப் போட்டாலும் போகாது. சாயத்தை மட்டும் வைத்து யாரும் பேசவில்லை. அவர் எந்தச் சாதி என்பதும் எல்லாருக்கும் தெரியும். அதே சந்தில் ஒரு கடைக்காரர் இருக்கிறார், அவரை உட்காரச் சொல் என்று கோயில் கமிட்டிக்காரர்கள் என்னை அனுப்பினார்கள். நானும் போகக் கிளம்பினேன். எங்கே போகிறாய் என்று சாமியார் கேட்டார். சொன்னேன். வழியை மறித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே திரும்பினேன். அந்த வியாழன் அவர் சவரிமுத்துவின் காலைத் துடைக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் பாடகர் குழு பாட்டை இரண்டு தடவை பாடி முடித்துவிட்டது.

ஆனால் நாற்காலிகளில் இன்னொரு சங்கதி இருந்தது. முதல் நாற்காலியில் உட்காருபவர் ராயப்பர், சீடர்களுக்குத் தலைவர். வருடம் முழுக்க டீக்கடையில், "என்ன ராயப்பரே, மோட்சத்துச் சாவி பத்திரமா இருக்கா?" என்று கேட்பார்கள். அவரும் மகிழ்ந்துபோவார். கடைசி நாற்காலியில் உட்காருபவர் யூதாஸ், ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவர். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. சடங்கில் அப்படி எதுவும் கிடையாது. பிள்ளைகள் விளையாட்டாகக் கூப்பிட, பெரியவர்கள் பிடித்துக்கொள்வார்கள். பன்னிரண்டில் உட்கார்ந்த ஒரு மீன்காரர் அந்த வருடம் முழுக்க வேறு டீக்கடைக்குப் போனார். இன்னொருவர் செம்பூர் கோயிலுக்கே பூசைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். அதனால் அந்த நாற்காலிக்கு விவரம் தெரியாத ஒருவரை வருடாவருடம் பார்த்து உட்கார வைப்பேன். ஊருக்குப் புதிதாக வந்தவர், காது கேளாத கிழவர் என்று யாராவது கிடைப்பார்கள். சாமியாருக்கு இது தெரியாது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

எண்பதாம் வருடத்துக்குப் பிறகு குடிசைகளை இடிக்க லாரிகள் அடிக்கடி வர ஆரம்பித்தன. அந்த நாட்களில்தான் அருள்தாஸ் எல்லாருக்கும் வேண்டியவரானார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறையில் வேலை. மராத்தியிலும் இங்கிலீஷிலும் மனு எழுதத் தெரியும். ரேஷன் கார்டு, ஓட்டுச் சீட்டு எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, சந்துக்காரர்களை வார்டு ஆபீசுக்கு அழைத்துப்போவார். அவர் கல்லிக்குக் குழாய் வந்தது அவரால்தான். அவர் ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் நடத்தினார். கதை, கவிதை, வார்டு ஆபீஸ் செய்தி எல்லாம் இருக்கும். ஒரே பிரதிதான். கோயில் வாசல் மேசையில் நூலால் கட்டி வைப்பேன். பூசை முடிந்து வருபவர்கள் நின்று படித்துவிட்டுப் போவார்கள். நான் எழுத்துக்கூட்டிப் படிப்பவன் என்பதால் பெரும்பாலும் படத்தை மட்டும் பார்ப்பேன்.

அருள்தாசும் செல்வமும் ஒரே கோலியில் எட்டு வருடமாக இருந்தார்கள். பத்துக்குப் பத்து அறை. செல்வம் செம்பூரில் ஃபிட்டர். அவர் கிறிஸ்தவர் இல்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் அருள்தாசோடு வந்து, பூசை முடியும்வரை வாசலுக்கு வெளியே நிற்பார். ஊரிலிருந்து வந்தவர்கள் இருவர் மூவராகச் சேர்ந்து இருப்பது இங்கே வழக்கம். அதனால் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

நான் சொல்ல வந்த வருடம் அவருடைய கல்லியில் அருள்தாசின் பெயரைத்தான் கொடுத்தார்கள். குழாய்க்கு நன்றி. குருத்து ஞாயிறு அன்று பட்டியலைத் தொங்கவிட்டேன். அன்றே பத்திரிகையின் புது இதழையும் வழக்கம்போலப் படிக்காமல் மேசையில் கட்டிவைத்தேன். பூசை முடிந்ததும் மேசையைச் சுற்றிக் கூட்டம். யாரோ உரக்கப் படித்தார்கள், யாரோ அதட்டினார்கள். மறுநாள் கோயிலைக் கூட்டும்போது ஒரு பக்கம் கிழிந்து, கசங்கி, பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. உடை மாற்றும் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டு, நீவி வைத்து, விரலை ஓட்டி ஓட்டிப் படித்தேன்.

தன்னையும் செல்வத்தையும் பற்றித்தான் அருள்தாஸ் எழுதியிருந்தார். கீழே சொந்தப் பெயர். தாங்கள் இரண்டு சிநேகிதர்கள் என்று ஊர் நினைக்கிறது, அதைவிட அதிகம், புருசன் பெண்சாதிக்குள் இருப்பதுதான் தங்களுக்குள்ளும் இருக்கிறது என்று எழுதியிருந்தார். இதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல ஒவ்வொரு முறையும் முழங்கால் போட்டு, சொல்லாமலே எழுந்து வந்ததாகவும், கடைசியில், வருத்தப்பட முடியாத ஒன்றைப் பாவம் என்று சொன்னால் ஆண்டவரிடமே பொய் சொன்னதாகும் என்று தோன்றியதாகவும் எழுதியிருந்தார். வார்டு ஆபீசில் இந்த மண்ணில் எங்களுக்கும் இடம் உண்டு என்று மனுக் கொடுக்கிறோமே, கோயிலில் அந்த மனுவை யாரிடம் கொடுப்பது என்று முடித்திருந்தார். இந்த மாதிரி மனிதர்களுக்கு எங்களிடம் அப்போது நல்ல பெயரே இல்லை. இருந்த பெயரெல்லாம் வசவுதான். அதில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் ஒரு பக்கம் முழுக்க எழுத முடியும் என்று அன்றுதான் பார்த்தேன். மூன்று தடவை படித்தேன். அதை மடித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடியது. தலைவர் சூசை அண்ணாச்சி. தோல் பை பட்டறை வைத்திருந்தவர். பட்டறைக்கு இடிப்பு நோட்டீஸ் வந்தபோது அவருக்கு மனு எழுதிக் கொடுத்தவரும் அருள்தாஸ்தான். பெயரை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். இன்னாசி சாமியார், ஆணியடித்துத் தொங்கவிட்ட பெயரை எடுக்கிற வழக்கம் இந்தக் கோயிலில் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் போனதும் சூசை அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"மிக்கேலு, நாற்காலி போடுதது நீதான? பன்னெண்டுல போட்டுரு. சாமிகிட்ட ஒண்ணும் கேக்காண்டாம்."

தலையாட்டினேன். அந்தக் கோயிலில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டித்தான் எனக்குப் பழக்கம்.

மறுநாள் அருள்தாசின் கோலிக்குப் போனேன். சொல்லாமலே உட்கார வைத்திருக்கலாம். ஆனால் விவரம் தெரியாதவரை உட்கார வைப்பது வேறு, தெரிந்தவரை உட்கார வைப்பது வேறு. செல்வம் சாயா போட்டுக்கொண்டிருந்தார். நான் பட்டியலைப் பற்றிப் பேச்செடுத்து, தண்ணீர்ச் சூட்டைப் பற்றிப் பேசி, நாற்காலியைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் சாயா ஆறிவிட்டது.

செல்வம்தான் முதலில் பேசினார். "ஏன் அண்ணாச்சி, ஒங்க கோயில்ல நாற்காலிக்கு அவ்வளவு பஞ்சமா?"

அருள்தாஸ் சிரித்தார். செல்வம் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் வார்டு ஆபீசுக்குப் போக வேண்டியிருக்கிறது, இருநூறு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும், யூதாஸ் என்று பெயர் விழுந்த பிறகு எவன் இவனை நம்பி ரேஷன் கார்டைக் கொடுப்பான் என்று என்னைக் கேட்டார். நான் ஆறிய சாயாவை எடுத்துக் குடித்தேன்.

"வரலன்னா, பயந்து ஓடிட்டான்னு சொல்லுவாங்க" என்றார் அருள்தாஸ். பிறகு என்னை நேராகப் பார்த்தார். "சாமி சொன்னாரா, கமிட்டி சொல்லுச்சா, அதெல்லாம் எனக்கு வேண்டாம். நாற்காலி போடுறவரு நீங்க. நீங்க சொல்லுங்க. நான் எங்க ஒக்காரணும்?"

சட்டைப் பையில் அந்தப் பக்கம் இருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "கடைசில" என்றேன்.

"சரி, வாரேன்."

அந்தச் 'சரி'யைத் தாங்கிக்கொண்டு நான் வீடு வந்து சேர்ந்தது எனக்குத்தான் தெரியும்.

வியாழன் வந்தது. பூசையில் வானவர் கீதம் பாடும்போது எல்லா மணிகளையும் அடிப்போம். அதற்குப் பிறகு சனிக்கிழமை வரை மணிச் சத்தம் கிடையாது, மரக்கட்டையைத்தான் தட்டுவோம். அதனால் அன்று கோயிலில் மற்ற நாட்களைவிட அமைதி அதிகம். பன்னிரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். ஒன்றில் சூசை அண்ணாச்சி. பன்னிரண்டில் அருள்தாஸ், வெள்ளைச் சட்டை, வலது காலில் செருப்பைக் கழற்றித் தயாராக. பதினொன்றில் இருந்தவர் தன் நாற்காலியை ஒரு சாண் நகர்த்திப் போட்டுக்கொண்டார். அது தரையில் உரசிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

சாமியார் மேலங்கியைக் கழற்றிவிட்டு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டார். எப்போதும் தாம்பாளத்தையும் செம்பையும் எடுத்துக்கொண்டு நான் முன்னால் போவேன். நான் தாம்பாளத்தை எங்கே வைக்கிறேனோ அங்கே அவர் முழங்கால் போடுவார். முதல் நாற்காலியில் ஆரம்பித்துக் கடைசிக்குப் போவது வழக்கம். அன்றும் முதல் நாற்காலிக்குத்தான் போனேன். சூசை அண்ணாச்சி காலைத் தூக்கி நீட்டிக்கொண்டிருந்தார். நான் அவரைக் கடந்து போய்விட்டேன். யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். கால் நிற்கவில்லை. வரிசை முழுக்க நடந்துபோய்ப் பன்னிரண்டாவது நாற்காலியின் கீழே தாம்பாளத்தை வைத்தேன்.

திரும்பிப் பார்த்தால், சாமியார் முதல் நாற்காலியருகே நின்றுகொண்டிருந்தார். தப்பு நடந்தால் எப்படி நிற்பாரோ அப்படி. நான் போய்த் திருத்த வேண்டும். எத்தனையோ வருடம் அப்படித்தான் நடந்தது. சூசை அண்ணாச்சி, இங்கே கொண்டு வா என்று விரலால் காட்டினார். பாடகர்கள் நிறுத்திவிட்டார்கள். நான் அசையவில்லை. சாமியாரும் அசையவில்லை. ஒரு பரலோக மந்திரம் சொல்லும் நேரம் இருக்கலாம், எனக்கு நாற்பது நாள் தவக்காலம் போல இருந்தது.

பிறகு அவர் நடந்து வந்தார். அருள்தாசுக்கு முன்னால் முழங்கால் போட்டு, கையை என் பக்கம் நீட்டினார். நான் தண்ணீர் ஊற்றினேன். அவர் காலைக் கழுவித் துடைத்து, குனிந்து பாதத்தில் வாய் வைத்து முத்தி செய்தார். அருள்தாஸ் அழவில்லை. வாசல் பக்கம் பார்த்தார். செல்வம் வெளியே நின்ற இடத்திலிருந்து ஒரு படி ஏறி நின்றிருந்தார். அங்கிருந்து பதினொன்று, பத்து என்று பின்னோக்கி வந்தோம். சூசை அண்ணாச்சிக்குக் கடைசியாக. அதற்குள் தண்ணீர் ஆறிவிட்டிருந்தது. காலை உதறினார்.

பூசை முடிந்து உடை மாற்றும் அறையில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யூதாஸ் நாற்காலி, காது கேளாத கிழவர்கள், கமிட்டி, நான் கோலிக்குப் போனது. அவர் துண்டை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு அது தெரியும்வே" என்றார். "யாராவது ஒருத்தர் வந்து சொல்லட்டும்னு இருந்துட்டேன். நின்னா சரியாயிரும்னு நெனச்சேன். எல்லாத்துக்கும் நிக்கக் கூடாது போல." அவர் தன் தப்பை என்னிடம் ஒப்புக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

கமிட்டி என்னிடமிருந்து மணிக்கூண்டுச் சாவியை ஒரு மாதம் வாங்கி வைத்துக்கொண்டது. பிள்ளைகளோ, முதலில் கழுவப்பட்டவர்தான் ராயப்பர், கடைசியில் கழுவப்பட்டவர்தான் யூதாஸ் என்று தாங்களாகவே கணக்குப் போட்டு, சூசை அண்ணாச்சியின் பட்டறை வாசலில் போய் யூதாஸ் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளைகளை விரட்டியவர் அருள்தாஸ். "ஏல, அவரக் கூப்பிட்டா என்னையும் கூப்பிட்ட மாதிரிதான்ல" என்று சொன்னதாகக் கேள்வி. வார்டு ஆபீஸ் மனுவில் இருநூறு கையெழுத்து விழவில்லை. நூற்று முப்பது சொச்சம்தான் விழுந்தது. அதில் ஒன்று சூசை அண்ணாச்சியுடையது. மற்றவர்கள் மனம் மாறினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சிலர் கடைசிவரை அருள்தாசுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டு வருடம் கழித்து அந்தக் கல்லி இடிபட்டது. அருள்தாசும் செல்வமும் மான்குர்த் போனார்கள். இப்போதும் ஞாயிறுதோறும் ரயிலேறி இங்கேதான் பூசைக்கு வருகிறார்கள்.

இதோடு நிறுத்திவிடலாம் என்று நினைத்து நோட்டை இரண்டு நாள் மூடி வைத்திருந்தேன்.

ஆனால் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அந்த வியாழனுக்கு மறுநாள் பெரிய வெள்ளி. சனங்கள் வரிசையாக வந்து சிலுவையை முத்தி செய்வார்கள். ஒவ்வொருவரும் முத்தியதும் நான் அந்த இடத்தைத் துணியால் துடைக்க வேண்டும். எல்லாரும் போன பிறகு அருள்தாஸ் நின்றார். சிலுவையை உள்ளே கொண்டுபோக ஒரு பக்கம் பிடித்தார். தூக்கியபடியே, "அண்ணாச்சி, நேத்து நீங்க எனக்காக மட்டும் அத அங்க வைக்கல" என்றார்.

ஆமாம், ஒங்களுக்காக மட்டும் இல்லை என்றேன். சிலுவையை உள்ளே இறக்கி வைத்தோம். ஈஸ்டருக்குச் சாப்பிட வரச் சொல்லிவிட்டுப் போனார்.

அதுவரை ஈஸ்டர் சாப்பாட்டைச் சாமியார் வீட்டுச் சமையலறையில் தனியாகத்தான் சாப்பிடுவேன். அன்று அந்தப் பத்துக்குப் பத்து கோலியில் மூன்று தட்டு வைத்தார்கள். செல்வம் கறிக்குழம்பு வைத்திருந்தார். ஒங்களுக்கு யாருமே இருந்ததில்லையா அண்ணாச்சி என்று அவர்தான் கேட்டார். மாட்டுங்காவில் பழைய புத்தகக் கடை வைத்திருந்த ஒருவரைப் பற்றிச் சொன்னேன். என் வயதுக்காரர். எழுத்துக்கூட்டிப் படிக்கிற நான் இரண்டு வருடம் வாராவாரம் அங்கே போய்ப் புத்தகம் வாங்கினேன். ஒருநாள் அவர் தன் கல்யாணப் பத்திரிகையை ஒரு புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தார். அவருடைய பெயரைச் சொன்னேன். அதுவரை அதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"அவ்வளவு பொஸ்தகத்தையும் என்ன பண்ணுனீய?" என்று அருள்தாஸ் கேட்டார்.

கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, ஒன்றுகூடப் படித்து முடிக்கவில்லை என்றேன். செல்வத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டார். அருள்தாசுக்கும் வந்தது. எனக்கும் வந்தது. நாற்பத்தாறு வயதில், இன்னொருவர் முன்னால் கண்ணில் தண்ணீர் வரும்வரை நான் சிரித்தது அன்றுதான்.